நாற்பது சதவீதமும் நம்ம டிராயிங் ஹாலும்

ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும். கடி ஜோக் இருக்கும். கடைசிப் பக்கத்தில் "பிரிவோம், மறவோம்" என்று கொஞ்சம் கண்ணீரும் இருக்கும். இதற்கு நடுவில் ஒரு சர்டிபிகேட்டைப் பற்றிக் கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள் தோழர்களே! நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே கேன்டீனில் டீ குடிக்கிற சிலருக்கு டிப்ளமோ கிடைக்குமா, அரியராகவே நின்றுவிடுமா என்பதை அந்த ஒரு தாள்தான் முடிவு செய்கிறது. அதைப் பற்றி நம்மில் பலருக்கு ஒன்றுமே தெரியாது. தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பதும் பாதி தப்பு.

போர்டு எக்ஸாம் முடிந்து வெளியே வரும்போது காதில் விழுகிற ஒரு வசனம் உண்டு. "அவனுக்கென்னப்பா, ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா! எனக்குக் குடுத்தா நானும்தான் பாஸ் பண்ணுவேன்." சொல்பவன் கெட்டவன் இல்லை. நம்மில் ஒருத்தன்தான். ஆனால் அவன் ஃபர்ஸ்ட் இயரில் படித்ததையே மறந்துவிட்டுப் பேசுகிறான்.

வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்ப்போம்? ஜீரோ எரர். இரண்டு தாடையும் ஒட்டியிருக்கும்போதே ஸ்கேல் ஏதோ ஓர் அளவு காட்டினால், அந்தப் பிழையைச் சரிக்கட்டிய பிறகுதான் ரீடிங்கை ரெக்கார்டில் எழுதுவோம். அதை யாராவது சலுகை என்று சொல்வோமா? திருத்தாமல் எழுதினால் சார் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். தேர்வும் ஓர் அளவுகருவிதான். அது அளக்க வேண்டியது நமக்கு ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் தெரியுமா, ஏ.சி. மெஷின் தெரியுமா என்பதை. விரல் மடங்காத ஒரு மாணவனை மூன்று மணி நேரம் எழுத வைத்தால், அந்தக் கருவி அவன் பாட அறிவை அளக்காது, கை வேகத்தைத்தான் அளக்கும். அங்கே ஜீரோ எரர் மாணவனிடம் இல்லை, தேர்வில் இருக்கிறது. கூடுதல் நேரம் என்பது அந்தப் பிழைக்கான திருத்தம். அவ்வளவுதான்.

சரி, இந்தத் திருத்தம் யாருக்கு, எந்தக் கணக்கில் கிடைக்கும்? இங்கேதான் குழப்பமே ஆரம்பம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1995-ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றுக்கொண்டது. அதற்குப் பதிலாக வந்ததுதான் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. இதில் 21 வகைகள். பார்வை, செவி, கை கால் என்று வெளியே தெரிபவை மட்டுமில்லை. எழுத்தைப் படிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாற்றம் தரும் கற்றல் குறைபாடு, ஆட்டிசம், மனநோய், தசைச் சிதைவு, ஹீமோபிலியா, தலசீமியா, பேச்சுக் குறைபாடு எல்லாம் பட்டியலில் வந்துவிட்டன. ஆக, "அவன் நல்லாத்தானே நடக்கிறான்" என்று நாம் பார்வையாலே சர்டிபிகேட் கொடுக்கிற வேலை இனிமேல் செல்லாது!

இந்தச் சட்டத்தில் இரண்டு விஷயங்கள் தனித்தனியாக இருக்கின்றன. நம் ஆபீஸ்களில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள்.

ஒன்று, இட ஒதுக்கீடு. பிரிவு 32-ன்படி அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்கள் 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும். வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் உண்டு. இதற்கு 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருக்க வேண்டும் என்பது கணக்கு. எத்தனையோ பேருக்கு நடுவில் சில இடங்களைப் பங்கு வைக்கும்போது எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். சரி.

இரண்டாவது, சேர்ந்த பிறகு படிக்கவும் தேர்வெழுதவும் தேவையான மாற்றங்கள். பிரிவு 16, அரசு உதவி பெறும் நிறுவனங்களோடு நிற்காமல் அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களிலும் மாணவரின் தனிப்பட்ட தேவைக்கேற்ற வசதி செய்து தரச் சொல்கிறது. செல்ஃப் பைனான்ஸ் காலேஜ் என்று தப்பிக்க முடியாது. பிரிவு 17, பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தகுந்த மாற்றம், கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகியவற்றைச் சொல்கிறது. கவனியுங்கள், இந்த இரண்டு பிரிவுகளிலும் 40 என்கிற எண்ணே கிடையாது!

ஆனால் நடப்பது என்ன? எங்கள் செட்டில் ஒரு நண்பன். வலது கையில் மூன்று விரல் முழுசாக மடங்காது. அட்டையில் 30 சதவீதம். கூடுதல் நேரம் கேட்டுப் போன இடத்தில் அவனுக்குக் கிடைத்த பதில்: "நாப்பது இல்லையே தம்பி, அடுத்த ஆளு வாப்பா." அவ்வளவுதான், பைலை மூடிவிட்டார்கள். ஒவ்வொரு பேப்பரிலும் கடைசிக் கேள்வி தெரிந்தும் எழுதாமலே வந்தான். டிராயிங் ஷீட்டில் பாதி எலிவேஷன் பென்சில் கோடாகவே நின்றது. அவனுக்குப் பாடம் தெரியாது என்று மார்க் லிஸ்ட் சொல்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து அவனிடமே டவுட் கேட்டுப் பாஸான நாங்கள் வேறு மாதிரி சொல்வோம்.

இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சிவில் சர்வீஸ் தேர்வெழுத வந்த ஒருவருக்கு எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் பிரச்சினை. 40 சதவீதம் இல்லை என்று சொல்லி, அவருக்குச் சொல்வதை எழுதுபவரைத் தர மறுத்துவிட்டார்கள். 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்பு வந்தது. இட ஒதுக்கீட்டுக்கான 40 சதவீதக் கோட்டை, தேர்வு வசதிக்கும் கொண்டுவந்து நிறுத்துவது தவறு என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. விகாஷ் குமார் எதிர் யு.பி.எஸ்.சி. என்பது அந்த வழக்கின் பெயர். டிராயிங் போர்டில் சாக்பீஸால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உதவும். அந்தத் தீர்ப்பை ஒட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு, 40-க்குக் கீழே இருந்து எழுதச் சிரமப்படுபவர்களுக்கென்று தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. அதற்கும் மருத்துவக் குழு பார்த்துத் தரும் சான்று வேண்டும். சும்மா கேட்டால் கிடைக்காது, கேட்காமலும் கிடைக்காது.

நான் சொல்ல வருவது இதோடு முடியவில்லை. 40-ஆ 30-ஆ என்று சண்டை போடுவதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சதவீதம் என்பது உடம்பைப் பற்றிய கணக்கு. நமக்கு வேண்டியது வேலையைப் பற்றிய கணக்கு.

ஒரு உதாரணம். இரண்டு மாணவர்கள். இரண்டு பேர் அட்டையிலும் 45 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு இடது கால் பலவீனம். இன்னொருவருக்கு வலது கை பலவீனம். தியரி எக்ஸாமில் முதலாமவருக்கு ஒரு நிமிஷம்கூடக் கூடுதலாகத் தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் ஹால் மூன்றாவது மாடியில் இருந்தால்? ஒர்க்‌ஷாப்பில் மூன்று மணி நேரம் வைஸ் முன்னால் நின்று ஃபைலிங் போட வேண்டுமென்றால்? அவருக்கு வேண்டியது கீழ்த்தள ஹாலும், உயரமான ஒரு ஸ்டூலும். இரண்டாமவருக்கு மாடி ஏறுவதில் கஷ்டமே இல்லை. அவருக்கு நேரம் வேண்டும், டிராயிங் ஹாலில் மினி டிராஃப்டர் நகராமல் நன்றாக இறுக்கிய போர்டு வேண்டும். ஒரே 45, இரண்டு வேறு வாழ்க்கை! அட்டையை மட்டும் பார்க்கிற ஆபீஸருக்கு இந்த வித்தியாசம் எங்கிருந்து தெரியும்?

காது கேட்கும் கருவி வைத்திருக்கும் நண்பரை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் சமாளித்துவிடுவார். லேத் ஓடுகிற ஒர்க்‌ஷாப்பில், சார் மெஷினைப் பார்த்துக்கொண்டே பேசுவார். அந்த இரைச்சலில் கருவியும் உதவாது, உதட்டசைவும் தெரியாது. "என்ன சொன்னாரு?" என்று பக்கத்தில் கேட்டால், "பேசாம கவனிடா" என்று திட்டு வேறு. அவருக்கு வேண்டியதெல்லாம், மெஷினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்து ஒருமுறை சொல்வதும், ஸ்டெப்களைப் போர்டில் எழுதிப் போடுவதும்தான். வைவாவில் கேள்வியைத் தாளில் எழுதிக் கொடுத்தால் பட்டென்று பதில் சொல்வார். இதற்கு எத்தனை ரூபாய் செலவு? ஒரு சாக்பீஸ்!

அதனால்தான் சொல்கிறேன்: அரசு சான்றிதழோடு கூட இன்னொரு தாள் வேண்டும். இது என் சொந்தச் சரக்கு இல்லை. 2018 ஆகஸ்ட் 29-ல் வந்த மத்திய அரசின் தேர்வு வழிகாட்டுதலிலேயே இதற்கான விதை இருக்கிறது. பார்வையின்மை, இரண்டு கையும் பாதிப்பு, பெருமூளை வாதம் ஆகிய மூன்று பிரிவிலும் 40 சதவீதத்துக்கு மேல் இருப்பவர்கள், கேட்டாலே சொல்வதை எழுதுபவர், வாசித்துக் காட்டுபவர், லேப் உதவியாளர் தர வேண்டும் என்றது. மற்ற பிரிவினருக்கு, "இவருக்கு எழுதுவதில் உடல்ரீதியான தடை இருக்கிறது" என்று அரசு மருத்துவமனைத் தலைமை மருத்துவர் கையெழுத்திட்ட தனிச் சான்று கேட்டது. அதாவது சதவீதம் மட்டும் போதாது, செயல் என்ன என்று பார் என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. கூடுதல் நேரத்தையும் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் என்று கணக்காகச் சொன்னது. நம் மூன்று மணி நேரப் பேப்பருக்கு ஒரு மணி நேரம். "எக்ஸ்ட்ரா ஒரு மணி நேரம்" எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? இந்த விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஆகவே ஒவ்வொரு தேர்வுக்கு முன்னாலும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் புதிய சுற்றறிக்கையை ஆபீஸில் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

அந்த இரண்டாவது தாளில் என்ன எழுதுவது? ஒரு பக்கம் போதும். என் பாடத்திட்டத்தில் எந்தெந்த வேலையில் எனக்குத் தடை. அது எப்படிப்பட்ட தடை. என்ன மாற்றம் செய்தால் அந்த வேலையை நான் செய்வேன். பள்ளியில் ஏற்கெனவே கிடைத்த வசதி என்ன. இந்த நான்கு மட்டும். "எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் புரியாது. "தொடர்ந்து இருபது நிமிடம் எழுதினால் கை இறுகிவிடும், ஐந்து நிமிடம் விட்டால் மறுபடி எழுத முடியும்" என்று எழுதினால் பிரின்சிபாலே மறுக்க யோசிப்பார். நம் ரெக்கார்டு நோட்டில் அப்சர்வேஷன் எழுதுகிற மாதிரிதான். பார்த்ததை அளவோடு எழுதணும்.

பட்டியலிலேயே இல்லாதவர்கள் என்ன செய்வது? எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்காக இதைச் சொல்லியே ஆக வேண்டும். நிறக்குருடு அந்த 21 வகையில் இல்லை. ஆனால் ரெசிஸ்டரில் பழுப்புக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் தவிக்கிறவர்கள் நம் லேபிலேயே இருக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. நம் மாநில மின் வாரிய நிறுவனமாக அப்போது இருந்த டான்ஜெட்கோவில் உதவிப் பொறியாளர் வேலைக்குப் போன ஒருவரை, நிறக்குறைபாடு இருக்கிறது என்று சொல்லி நியமிக்க மறுத்தார்கள். 2023 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு வேலை கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. பட்டியலில் பெயர் இல்லை என்பதோடு கதவைச் சாத்திவிடக் கூடாது, அவருக்கேற்ற மாற்றம் என்ன செய்ய முடியும் என்று பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அதற்கு முந்தைய ஆண்டு, 2022-ல், புனே திரைப்படக் கல்லூரியும் நிறக்குறைபாடு உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. படம் எடுக்கிற இடத்திலேயே வழி உண்டு என்றால், ரெசிஸ்டர் மதிப்பை மல்டிமீட்டரில் பார்த்து எழுத நம் லேபில் வழி இருக்காதா?

இப்போது எதிர்க்கேள்விக்கு வருகிறேன். "போலி சர்டிபிகேட் வாங்குறவன் இல்லையா?" இருக்கிறான், மறுக்கவில்லை. அதனால்தான் மருத்துவர் பரிசோதிக்கட்டும், ஆன்லைனில் பதிவாகட்டும் என்கிறோம். 2021 ஜூன் முதல் சான்றிதழ் வழங்குவது மத்திய அரசின் யூ.டி.ஐ.டி. தளம் வழியாகத்தான். சரிபார்ப்பது தப்பே இல்லை. ஆனால் ஒருமுறை அரசு மருத்துவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டபின், ஒவ்வொரு செமஸ்டருக்கும் "கையைக் காட்டு பார்க்கலாம்" என்று ஆபீஸ் வாசலில் நிற்க வைப்பது சரிபார்ப்பு இல்லை. அவமானம். அதே மாதிரி "யாரெல்லாம் ஹேண்டிகேப்டு, கையைத் தூக்குங்க" என்று வகுப்பில் கேட்பதும். நோய் என்ன என்பது அந்த மாணவருக்கும் ஆபீஸ் பைலுக்கும் இடையில் இருக்கட்டும். வாத்தியாருக்குத் தெரிய வேண்டியது என்ன மாற்றம் என்பது மட்டும்தான்.

சான்றிதழ் வாங்குவதும் சும்மா இல்லை. தளத்தில் விண்ணப்பம் போட்டு, அரசு மருத்துவமனைக்கோ முகாமுக்கோ குறித்த நாளில் போக வேண்டும். அன்றைக்கு அந்த டாக்டர் லீவாக இருந்தால் மறுபடி ஒரு நாள். கூட வருகிற அப்பாவுக்கு ஒவ்வொரு நாளும் கூலி போச்சு. சதவீதம் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றினால் மேல்முறையீடு செய்ய பிரிவு 59 இடம் தருகிறது. ஆனால் அதற்கும் நாள் வேண்டும். இதையெல்லாம் ஹால் டிக்கெட் வந்தபிறகு ஆரம்பித்தால் கதை கந்தலாகிவிடும். ஃபர்ஸ்ட் செமஸ்டரிலேயே ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. வாங்கத் தகுதி இருந்தும் வாங்காமல் இருப்பவர்கள். "பொண்ணுக்கு ஊனச் சர்டிபிகேட்னு பதிஞ்சுட்டா நாளைக்கு யாரு கட்டிக்குவா?" என்று கேட்கும் வீடுகள் இன்றும் உண்டு. "பசங்க கிண்டல் பண்ணுவாங்க" என்று மறைக்கும் நண்பர்களும் உண்டு. வீட்டாரை நம்மால் ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் கிண்டல் பண்ணுவது நாம்தானே? அதை இன்றைக்கே நிறுத்தலாம்.

ஆகவே நம் மாணவர் பேரவைக்குச் சில கோரிக்கைகள். அட்மிஷன் நாளன்றே ஒரு மேஜை போடுவோம். பிளெக்ஸ் பேனர் வேண்டாம், விவரம் தெரிந்த இரண்டு சீனியர்கள் போதும். விண்ணப்பம் போடத் தெரியாதவர்களுக்குப் போட்டுக் கொடுப்போம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முகாம் என்றைக்கு என்று விசாரித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். முகாமுக்குப் போகும் நாளுக்கு அட்டென்டன்ஸ் தர வேண்டும் என்று பிரின்சிபாலிடம் எழுதிக் கொடுப்போம். அந்த இரண்டாவது தாளுக்கு ஒரே மாதிரி படிவம் ஒன்று அடித்து எல்லா எச்.ஓ.டி.களுக்கும் கொடுப்போம். மறுத்தால், வாயால் சொன்னதை ஏற்காமல் எழுத்தில் காரணம் கேட்போம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போக வழி இருக்கிறது. வாய் வார்த்தையை எடுத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது.

தோழர்களே, நாளைக்கே நாம் சைட் இன்ஜினியராகவும் சூப்பர்வைசராகவும் உட்காரப் போகிறோம். அப்போது நம் முன்னால் ஒருவர் ஒரு அட்டையோடு வந்து நிற்பார். அதில் எத்தனை சதவீதம் என்று தேடாமல், "இந்த வேலையைச் செய்ய உங்களுக்கு என்ன வேணும்?" என்று நாம் கேட்க வேண்டும். அதற்கான பயிற்சியை டிராயிங் ஹாலிலேயே ஆரம்பிப்போம். பக்கத்து சீட் நண்பனிடம் நாளைக்குக் காலையில் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.